ரேடாருக்குச் சந்தனப் பொட்டு

ஏம் மாப்ள, இத்தனை லட்சம் போட்டுக் காரு வாங்குன ஆளு, அதுல எரியற ஒத்தை வெளக்குக்கு என்னையப் போயி வைத்தியம் கேக்கறியே, உன்ற படிப்பென்ன, என்ற படிப்பென்ன? நானு லாரியோட்டி. என்ற காலத்துல டேஷ்போர்டுல நாலு முள்ளு இருக்கும். அதுல மூணு ஓடாது. ஓடற ஒண்ணும் பொய் சொல்லும். அதை வச்சுக்கிட்டே சங்ககிரியில லோடு ஏத்துனா கல்கத்தா வரைக்கும் போயிட்டு வந்தோம். நீ என்னடான்னா, ஒரு காரும் அதுக்கு முன்னால என்னமோ வெடிக்கறாப்புல ஒரு படமும் மஞ்சளா எரியுது, ஓட்டறதுக்கே பயமா இருக்குது மாமாங்கறே. பயப்படறவன் மெதுவாத்தான் போவான். அந்த மட்டுக்கும் வெளக்கு தன்ற வேலையப் பாத்துப்போட்டுது.

அதோட நிறுத்துனியா? 'பல்பைக் கழட்டிப் போடலாமா மாமா'ன்னு கேட்டே பாரு, அங்கதான் எங்கக்கா ஊட்டுப் புத்தி பளிச்சுன்னு தெரிஞ்சுது. டார்ச்சு லைட்டும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கிட்டு வண்டிக்குள்ள உக்காந்திருந்தியாமா, உன்ற ஊட்டுக்கார அம்மிணி சொல்லிச் சிரிச்சுது. கழட்டறதுக்கு அதுல பல்பே கெடையாது மாப்ள. உன்ற வண்டியில அந்தத் திரை முச்சூடும் ஒரே கண்ணாடி. வெளக்கு, முள்ளு, எழுத்து எல்லாம் கம்ப்யூட்டரு காட்டற படம். அதைக் கழட்டுனீன்னா எத்தனை வேகத்துல போறேங்கறதும் சேந்தே போயிரும். என்ற லாரியாட்டமே ஆயிரும்.

மொதல்ல அந்தச் சாமான் என்னன்னு தெரிஞ்சுக்க. லாரியில கிளீனருன்னு ஒரு பையன் இருப்பான். ரிவர்ஸ் எடுக்கறப்பப் பின்னால நின்னுக்கிட்டு 'வரலாம் வரலாம், வா வா, ஓல்டான்'னு கத்துவான். சந்துக்குள்ள போறப்பக் கதவைத் தட்டி ரைட்டு சொல்லுவான். ரவைக்கு டிரைவரு கண்ணசந்தா தோளைப் புடிச்சு உலுக்குவான். உன்ற காருல அந்தச் சோலிக்கு ஆளில்லாம ரெண்டு கண்ணு வச்சிருக்கறாங்க. முன்னால போற வண்டிக்கு ரொம்பக் கிட்ட போயிட்டீன்னா டொய்ங் டொய்ங்குன்னு கத்தும். கேக்காட்டி அதுவே பிரேக்கைப் புடிக்கும். இந்தக் கிளீனருக்குப் படிக்காசு வேண்டாம், பொரோட்டா வேண்டாம். 'எனக்கு இப்ப ஒண்ணுந் தெரியலீங்ணா, நீங்களே பாத்து ஓட்டிக்கங்க'ன்னு சொல்றதுக்குத்தான் அந்த மஞ்ச வெளக்கு. தெரியாததைத் தெரியலைன்னு சொல்ற கிளீனரை என்ற வாழ்நாளுல நான் பாத்ததில்ல. உனக்குக் கெடைச்சிருக்குது, நீ அவன் வாயத் தைக்கறதுக்கு ஊசி தேடறே.

இன்னொண்ணையும் கொழப்பிக்கிறே. எரியறது வேற, கத்தறது வேற. மஞ்சளா நெலையா எரிஞ்சுக்கிட்டே இருந்தா சிஸ்டம் படுத்துருச்சுன்னு அர்த்தம். பளிச்சு பளிச்சுன்னு மின்னி, சத்தம் போட்டு, 'பிரேக்'குன்னு எழுத்தும் வந்தா முன்னால ஏதோ நிக்குதுன்னு அர்த்தம். அப்ப எனக்குப் போனைப் போடாத, பிரேக்கைப் போடு.

மஞ்ச வெளக்கு மட்டுந்தான்னா காலுல மிதிக்கற பிரேக்குக்கு ஒண்ணும் ஆயிடல. வண்டிய ஓட்டலாம். முன்னால போற வண்டிய அதுவே பாத்து வேகத்தைக் கொறைக்கற குரூஸ் மட்டும் பெரும்பாலும் அதோட சேந்து படுத்திருக்கும், அதை நம்பிக் காலைத் தூக்கி மேல வச்சுக்காத. ஏபிஎஸ் வெளக்கும் கூட எரிஞ்சுதுன்னா சக்கரத்துக்கிட்ட இருக்கற சென்சாரு ஒயரு கல்லடிச்சோ எலி கடிச்சோ அந்துருக்கலாம். சக்கரம் எத்தனை வேகத்துல சுத்துதுன்னு சொல்றதுக்கு ஆளில்லாட்டி கிளீனருக்கும் கணக்கு வராது. செவப்புல பிரேக் வெளக்கு எரிஞ்சாலோ, மிதிச்சா பெடலு ஆழமாப் போனாலோ, ஓரங்கட்டி நிறுத்திப்போட்டு ஆளைக் கூப்பிடு. அதுல எகத்தாளத்துக்கு எடமில்ல.

ரெண்டு கண்ணுன்னேனே, ஒண்ணு கேமரா. உள்ளாற, பின்னால பாக்கற கண்ணாடி தொங்குதில்ல, அதுக்கு அந்தப் பக்கம் முன்கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருக்கும். ரோட்டுல போட்ட கோடு, ஆளு, வண்டின்னு உருவத்தைக் கண்டுபுடிக்கறது அது. இன்னொண்ணு ரேடாரு. வண்டிக்கு முன்னால கம்பெனி முத்திரைக்குப் பொறத்தாலயோ, பம்பருக்குக் கீழ இருக்கற சல்லடைக்குள்ளயோ ஒளிஞ்சிருக்கும். 77 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ரேடியோ அலைய அனுப்பி, திரும்பி வர்றதை வச்சு எத்தனை தூரம், எத்தனை வேகம்னு அளக்கும். இருட்டு அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. கேமராவை மட்டுமே நம்பற கம்பெனியும் உண்டு. சுபாருக்காரன் 2008ல ரெண்டு கேமராவை வச்சே ஜப்பான்ல ஐசைட்டுன்னு ஒண்ணு வுட்டான்.

இதெல்லாம் நேத்து மொளைச்ச வித்தைன்னு நெனைச்சுக்காத. 1904லயே ஜெர்மனியில ஹூல்ஸ்மையர்னு ஒருத்தன், கொலோன் ஊருல ரைன் ஆத்துப் பாலத்துக்கிட்ட நின்னு, ரேடியோ அலைய அனுப்பி, வர்ற கப்பலைக் கண்டு மணி அடிக்க வச்சுக் காட்டுனான். பனியில கப்பலுங் கப்பலும் முட்டிக்காம இருக்கறதுக்குத்தான். ஒருத்தனும் காசு குடுத்து வாங்கல. மோதப் போறதைப் பாத்துத் தானே பிரேக் புடிக்கற சாமானை ஹோண்டாக்காரன் 2003ல ஜப்பான்ல இன்ஸ்பயருங்கற காருல வச்சான். ஐரோப்பாவுல 2024 சூலையிலிருந்து விக்கற புதுக்காருக்கெல்லாம் கட்டாயம்னு ஆயிப்போச்சு. அமெரிக்காக்காரன் 2024ல விதி போட்டு, 2029 செப்டம்பரு வரைக்கும் கெடு வச்சான். நம்ம பக்கம் 2021ல எம்ஜி ஆஸ்டர், மகிந்திரா எக்ஸ்யூவி 700 வந்த பொறவுதான் டீக்கடை பெஞ்சுல உக்காந்தவனெல்லாம், ஓட்டறவனுக்குத் துணை நிக்கற இந்தச் சாமானுக்கு வச்ச பேரைச் சொல்லி அடாஸு அடாஸுன்னு பேச ஆரம்பிச்சான். எதுத்த ஊட்டுக்காரன் வண்டியில இருக்குதுன்னு நீயும் வாங்குனே. எதுக்குன்னு அவனுக்கும் தெரியாது, உனக்குந் தெரியாது.

எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத. உன்ற வண்டிப் பெட்டியில பிளாஸ்டிக் கவரு பிரிக்காம ஒரு தடிப் புஸ்தகம் கெடந்துச்சே, நோம்பிக்கு வந்தப்பத் திண்ணையில உக்காந்து அதைத்தான் படிச்சேன். நீ ஆட்டுக்கறி தின்னுபோட்டுக் கொறட்டை வுட்டுட்டிருந்தே. மிச்சத்தைப் பேரன் போனுல தேடிக் காட்டுனான்.

சரி, வைத்தியத்துக்கு வருவம். மொதக் கேள்வி: அந்த சிஸ்டத்தை அணைச்சது யாரு? சிரிக்காத. இதை அணைச்சு வைக்கறதுக்குன்னே ஒரு பட்டனோ, திரைக்குள்ள ஒரு பக்கமோ இருக்கும். அணைச்சு வச்சாலும் அதே மஞ்ச வெளக்குதான் எரியும், பக்கத்துல 'ஆஃப்'புன்னு எழுதியிருக்கும். உன்ற சின்னவன் முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் அமுக்கறானே, அவனைக் கேளு. பெரும்பாலான வண்டியில எஞ்சினை நிறுத்தி மறுக்கா எடுத்தா அதுவே திரும்ப முழிச்சுக்கும். முழிக்காட்டித்தான் மேல பேச்சு.

ரெண்டாவது, உன்ற பக்தி. ஆயுத பூசைக்கு நீ செஞ்ச அலங்காரத்தை நானும் பக்கத்துல நின்னுதான் பாத்தேன். சொல்ல வேண்டாம்னு இருந்தேன், நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்குன்னு. கம்பெனி முத்திரை மேலயே சந்தனத்தைக் கெட்டியா அப்பி, நடுவுல ரூபா அகலத்துக்குக் குங்குமம் வச்சே. அதுக்கு மேல செவ்வந்தி மாலைய ரெண்டு சுத்து வுட்டே. கீழ எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டித் தொங்கவுட்டே. நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சு நசுக்குனே. எல்லாம் முடிச்சு, திருஷ்டி கழிஞ்சுது மாமான்னு வேற சொன்னே. திருஷ்டி கழிஞ்சுதோ இல்லியோ, ரேடாருக்குத் திருஷ்டியே போச்சு. அந்த முத்திரை சும்மா அழகுக்கு ஒட்டுன பிளாஸ்டிக்கு இல்ல மாப்ள. பின்னால ரேடாரு இருக்கற வண்டியில, அலை தடையில்லாமப் போறதுக்குன்னே அதோட கனத்தைக் கணக்குப் பண்ணிச் செஞ்சிருப்பாங்க. அதுமேல ஈரமாப் படலம் படிஞ்சாலே அலைய அது குடிச்சுப்போடும். சேறு அப்புனாலும் அதே கதைதான். ஈரோட்டுக் கடையில ஐநூறு ரூபாய்க்குப் பளபளன்னு குரோம் முத்திரை விக்கறான்னு வாங்கி மாட்டுனவனுக்கெல்லாம் இந்த வெளக்குத் தனியாப் பேசும்.

சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. பொட்டை பானட்டு மேல வையி. நம்பர் பிளேட்டு மேல வச்சா போலீசுக்காரன் கோவிச்சுக்குவான். மாலையப் பூசை முடிஞ்ச கையோட அவுத்துப்போடு. வாடிச் சருகாகற வரைக்கும் தொங்கவுட்டுக்கிட்டுப் பெருந்துறை ரோட்டுல நூத்துல போறது எந்த ஆகமத்துலயும் இல்ல.

அப்பறம் முன்னால இரும்புக் குழாயில ஒரு கம்பி கட்டியிருக்கியே, மாடு முட்டுனா வண்டிக்கு ஆகாதுன்னு. அது வேண்டாம்னு 2017 டிசம்பருலயே மத்திய சர்க்காரு மாநிலத்துக்கெல்லாம் எழுதிப்போட்டுது. ரோட்டுல போற ஆளுக்கும் கெடுதி, உள்ள இருக்கற உனக்கும் கெடுதின்னுதான். ஏர்பேக்கு விரியறதுக்கு இடி எப்படி வருதுன்னு பாக்கற கணக்கையும் அது கெடுத்துப்போடும். ரேடாருக்கு நேரா ஒரு குழாய் குறுக்க நின்னா, அது நாளெல்லாம் அந்தக் குழாயையே பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான். மாட்டுக்குப் பயந்து கம்பி கட்டுனே, மாட்டைப் பாக்கற கண்ணை மறைச்சே.

மூணாவது கேமரா. 2021 பிப்ரவரியில ஃபாஸ்டாக்கு கட்டாயம்னு சொல்லிப்போட்டாங்க, ஒட்டுனே, சரி. எங்க ஒட்டுனே? நடுக்கண்ணாடிக்குப் பின்னால ஒட்டுன்னு சொன்னான்னு கேமரா மூஞ்சிக்கே பக்கத்துல பாதி மறைக்கறாப்புல ஒட்டி வச்சிருக்கறே. கேமராவுக்கு முன்னால இருக்கற அந்தச் சின்ன சன்னலை வுட்டுத் தள்ளி ஒட்டு. ஏற்கெனவே ஒட்டுனதைப் பிச்சு எடுத்தா கிழிஞ்சு வேலை செய்யாமப் போயிரும், வேற வாங்கிக்க. டேஷ்போர்டு மேல வெள்ளைத் துண்டு விரிச்சு அதுமேல பித்தளைப் புள்ளையாரு வச்சிருக்கியே, வெய்யிலுல அது ரெண்டும் முன்கண்ணாடியில எதிரொளிச்சு கேமராவுக்குப் புள்ளையாராத் தெரியுது. புள்ளையாரை முட்ட எந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் மனசு வரும்? கண்ணாடியில கறுப்புப் படம் ஒட்டற ரோசனை இருந்தா அதையும் வுட்டுப்போடு, 2012லயே சுப்ரீம் கோர்ட்டு வேண்டாம்னு சொல்லியாச்சு.

தொடைக்கறதுக்கும் ஒரு மொறை இருக்குது. மெதுவான துணிய நனைச்சு, போகாட்டிக் கொஞ்சம் ஷாம்பு வுட்டு, அவ்வளவுதான். பாத்திரம் வெளக்கற கம்பிநாரை எடுக்காத. பெட்ரோலு, தின்னரு வேண்டாம். வாட்டர் சர்வீசுக்காரன் துப்பாக்கிய ரேடாரு மூஞ்சிக்குக் கிட்டக்கொண்டு போயி அடிப்பான், அடிக்காதீன்னு முன்னாடியே சொல்லு. வைப்பரு ரப்பரு தேஞ்சு கேமராவுக்கு நேரா எண்ணெய்க் கோடு இழுக்குதான்னு பாரு. உள்பக்கம் கேமராவை மூடி ஒரு கவரு இருக்கும், அதைப் பிரிச்சுத் தொடைக்கறேன்னு மட்டும் ஆரம்பிச்சுறாத. தொடைச்ச பொறவு வெளக்கு உடனே அணையாட்டிப் பதறாத. கொஞ்ச தூரம் ஓட்டு. எல்லாம் சரியாத் தெரியுதான்னு அது பாத்துப் பாத்துத்தான் நம்பும். சந்தேகப் பேர்வழி.

வெய்யிலுக்கும் இது எரியும். சித்திரை மாசம் மத்தியானத்துல ரேசன் கடைக்கு முன்னால வண்டிய நிறுத்திப்போட்டு வந்து எடுத்தா, 'கேமரா சூடாயிருச்சு'ன்னு திரையில எழுத்து வரும். முன்கண்ணாடிக்கு ஏசிக் காத்தைத் திருப்பிவுட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டுனா அதுவே அணைஞ்சுக்கும். கொட்டற மழையிலயும், ஏற்காடு ஏத்தத்துல பனி எறங்கறப்பவும், சாயங்காலம் மேக்க பாத்துப் போறப்பச் சூரியன் நேரா மூஞ்சியில அடிக்கறப்பவும் எரிஞ்சு அணையும். உனக்கே கண்ணு தெரியாத நேரத்துல அதுக்குத் தெரியலைன்னா அது கோளாறு இல்ல. அப்பறமும் மழை வுட்டு, பொழுது சாஞ்சு, மறுநாளு வெடிஞ்சும் எரிஞ்சாத்தான் கோளாறு.

அடுத்தது பேட்டரி. வண்டிய செட்டுல நிறுத்திப் போத்தி வச்சுப்போட்டு, கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் எடுத்தா பேட்டரி எப்படி இருக்கும்? செல்ஃபு எடுக்கறப்பக் கரண்டு எறங்கும். அந்த நேரத்துல கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசறதுல தடுமாறி, அடாஸு, ஸ்டியரிங்கு, ஏபிஎஸ்ஸுன்னு மாரியம்மன் நோம்பி சீரியல் லைட்டுக் கணக்கா வரிசையா எரியும். ஒரேடியாப் பல வெளக்கு எரிஞ்சா பல கோளாறுன்னு நெனைச்சுப் பணத்தை எண்ணாத, மொதல்ல பேட்டரியப் பாரு. எலக்ட்ரீசியன் கிட்ட மல்டிமீட்டரு இருக்கும். ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, காலையில எடுக்கறதுக்கு முன்னால பாத்தா 12.6 வோல்ட்டு இருக்கணும். 12.2ன்னா பாதிதான் இருக்குதுன்னு அர்த்தம். எஞ்சின் ஓடறப்ப 13.5லருந்து 14.5க்குள்ள காட்டணும். காட்டாட்டி சார்ஜு ஏத்தற சாமானுல கை வைக்கணும், ரேடாருல இல்ல. டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருந்தா சுத்தம் பண்ணி இறுக்கிவுடு. எஞ்சின் வெளக்கும் கூட எரிஞ்சா மொதல்ல அதைப் பாக்கச் சொல்லு. எஞ்சினுல ஒரு சென்சாரு மக்கர் பண்ணுனாலும் சில வண்டியில அடாஸு 'நானும் வரலை'ன்னு உக்காந்துக்கும்.

இதுக்கப்பறம் உன்ற சிநேகிதன் ஒருத்தன் வருவான், எனக்குத் தெரியும். ஆயிரம் ரூவாய்க்கு ஸ்கேனரு வாங்கி வச்சிருக்கேன், ஸ்டியரிங்குக்குக் கீழ சொருவி ஒரு அமுக்கு அமுக்குனா வெளக்குப் போயிரும்பான். போகும். மறுநாளு திரும்ப வரும். அந்தச் சின்ன ஸ்கேனரு பெரும்பாலும் எஞ்சின் சமாச்சாரத்தைத்தான் படிக்கும். அதுல வர்ற கோளாறுக் குறிக்குக் கோடுன்னு பேரு, அது பி-ன்னு ஆரம்பிக்கும். ரேடாரு, கேமரா சமாச்சாரம் பெரும்பாலும் சி-யிலயோ யு-விலயோ ஆரம்பிக்கும். யு-ன்னா ஒரு கம்ப்யூட்டரு கூப்பிட்டு இன்னொண்ணு எடுக்கலைன்னு அர்த்தம், உன்ற போனாட்டம். அதையெல்லாம் படிக்கறதுக்கு அந்தந்தக் கம்பெனிக்குத் தோதான கருவி வேணும். அழிக்கறதுக்கு முன்னால கோடைப் போட்டோ எடுத்து வையி. அழிச்சுப்போட்டு சர்வீசு சென்டருக்குப் போனா, அங்க அவன் கருவிய மாட்டிப் பாத்துப்போட்டு 'ஒண்ணும் இல்லியே சார்'ம்பான். நீயும் ஆமாங்கன்னு தலையாட்டிக்கிட்டு வருவே. ஊரு எல்லை தாண்டறப்ப வெளக்கு எரியும்.

இப்ப நெசத்தைச் சொல்லு மாப்ள. போன தை மாசம் சேலம் ரோட்டுல ஜல்லி லாரிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே போயி முன்கண்ணாடியில கல்லு வாங்குனியே, அதை எங்க மாத்துனே? நானாச் சொல்லட்டா? பைபாஸ் ஓரமா தகரக் கொட்டாயில, பாதி வெலைக்கு. 'கம்பெனியில இத்தனை கேக்கறான், நான் இங்க இத்தனைக்கு முடிச்சேன்'னு ஊரெல்லாம் பெருமை வேற. அம்மிணி எல்லாத்தையும் ஒண்ணுவுடாமச் சொல்லுச்சு. அதுவரைக்கும் எரியாத வெளக்கு அதுக்கப்பறந்தான் எரியுதுங்கறதையும் சொல்லுச்சு. அதை மட்டும் நீ என்றகிட்ட சொல்லலை பாரு. சந்தனம், ஃபாஸ்டாக்கு, பேட்டரின்னு என்னைய இத்தனை தூரம் பேச வச்சு வேடிக்கை பாத்தே. பரவால்ல, எல்லாமே தேவைப்படற சங்கதிதான். உன்ற வண்டியில அது ஒவ்வொண்ணும் இருக்கத்தான் இருக்குது.

கண்ணாடி மாத்துன கடைக்காரன் மேல தப்புச் சொல்லமாட்டேன். கண்ணாடியப் பளிங்காட்டம் ஒட்டியிருக்கறான். கேமராவைக் கழட்டிப் புதுக் கண்ணாடியில மறுக்கா மாட்டுனானே, அது முன்ன பாத்த எடத்தையே பாக்குதான்னு அளக்கலை, அங்கதான் கோளாறு. நூலளவு திரும்புனா என்ன ஆயிரும்னு கேப்பே. கணக்குப் போடு. ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தா 100 மீட்டரு தூரத்துல 1.75 மீட்டரு தள்ளிப் பாக்கும். நம்ம நேசனல் ஹைவேயில ஒரு லேனு அகலம் 3.5 மீட்டரு. பாதி லேனு போச்சு. உன்ற தடத்துல நிக்கற லாரியப் பக்கத்துத் தடத்துல நிக்குதுன்னு நெனைச்சுப் பேசாம இருந்துக்கும். பக்கத்துல போற பஸ்ஸு உன்ற மேல வருதுன்னு பயந்து நடுரோட்டுல பிரேக் புடிக்கும். பின்னால வர்ற டேங்கர்காரன் உன்ற குடும்பத்தையே திட்டுவான். அதுக்குத்தான் அந்த வண்டி 'எனக்குச் சந்தேகமா இருக்குது, நான் ஒதுங்கிக்கறேன்'னு வெளக்கைப் போட்டுட்டு ஒதுங்கியிருக்குது. இதுல ஒரு சூட்சுமம். சில வண்டியில அளவு தப்பியிருந்தும் வெளக்கு எரியாமயே போயிரலாம். உனக்கு எரியுதுன்னா நீ புண்ணியம் பண்ணியிருக்கறே.

இந்த அளவு வைக்கற வேலைக்குக் காலிபரேசன்னு பேரு. ரெண்டு வகை. ஒண்ணு, ஒர்க்‌ஷாப்புக்குள்ள. மட்டமான தரை வேணும். வண்டிக்கு முன்னால கட்டங்கட்டமாப் போட்ட ஒரு பலகைய, கம்பெனி சொன்ன தூரத்துல, சொன்ன ஒசரத்துல, நடுக்கோடு புடிச்சு நிறுத்துவாங்க. கருவிய மாட்டுனா கேமரா பலகையப் பாத்துத் தன்ற நெலையத் திருத்திக்கும். டயருல காத்து சரியா இருக்கணும். டிக்கி காலியா இருக்கணும். மேக்காலத் தோட்டத்துத் தேங்காயை மூட்டை மூட்டையா டிக்கியில போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போறியே, அதோட போயி நின்னீன்னா பின்னால அமுந்து, மூக்கு மேல தூக்கிக்கும். கேமரா ஆகாசத்தைப் பாத்து அளவு வச்சுக்கும். தேங்காயை எறக்கி வச்சப்பறம் தரையப் பாக்கும். ரெண்டாவது வகை, ரோட்டுல ஓட்டியே அளவு வைக்கறது. ஒரே வேகத்துல, கோடு பளிச்சுன்னு தெரியற ரோட்டுல போகச் சொல்லுவாங்க. கோடு இருக்கற ரோட்டைத் தேடிப் போறதுக்கே பாதி டேங்கு டீசலு காலியாயிரும். உன்ற வண்டிக்கு எந்த வகைங்கறதைக் கம்பெனிதான் சொல்லணும். சிலதுக்கு ரெண்டும் வேணும்.

ரேடாருக்கும் இதே கதைதான். தென்னைமரத்துல லேசா ஒரசுனதுன்னு நீ சொல்ற ஒரசலுல பம்பரு வெளிய நல்லாத்தான் இருக்கும். உள்ள ரேடாரைத் தாங்கற பட்டை வளைஞ்சிருக்கும். டிங்கரிங் ஆளு பம்பருக்குப் பட்டி பாத்து ரெண்டு கோட்டுப் பெயிண்டு அடிச்சுக் குடுப்பான், கண்ணு பறிக்கும். ரேடாரு இருக்கற எடத்துல அந்தப் பட்டியே சொவரா நிக்கும். சஸ்பென்சனை ஒசத்துனாலும், பெரிய டயரு போட்டாலும், வீல் அலைன்மென்ட்டுல கோணத்தை மாத்துனாலும் பார்வை மாறும். ஒசரமா இருந்தாத்தான் கெத்துன்னு ரெண்டு இஞ்சு ஏத்தற ரோசனைல இருக்கறியாமா, அம்மிணி அதையும் சொல்லுச்சு.

'இத்தனை செலவு பண்ணி இதைச் சரி பண்ணணுமா மாமா, நம்ம ரோட்டுக்கு இது ஆகுமா?'ன்னு கேப்பே. நாயமான கேள்வி. பைக்குக்காரன் எடது பக்கமாப் பூந்து குறுக்க வருவான், சோளத்தட்டை ரோட்டுலயே காயப்போட்டிருப்பான், ஆட்டு மந்தை சாவகாசமாக் கடக்கும். எல்லாத்துக்கும் அது கத்தும். ஊருக்குள்ள அது ரொம்பக் கத்துதுன்னா எச்சரிக்கை எத்தனை தூரத்துல வரணும்னு மாத்திக்கறதுக்குத் திரைக்குள்ள வழி இருக்குது, கிட்டத்துக்கு வச்சுக்க. முழுசா அணைக்கறதை மட்டும் பழக்கமாக்காத. ராத்திரி பைபாஸுல பின்வெளக்கு இல்லாத கரும்பு டிராக்டரு நிக்கறப்ப, உன்ற கண்ணுக்கு முன்னாடி ரேடாருக்குத் தெரிய வாய்ப்பிருக்குது. தெரிஞ்சே தீரும்னு நான் சொல்லலை, எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லமாட்டான். புஸ்தகத்துலயே பக்கத்துக்குப் பக்கம் 'ஓட்டறவனே பொறுப்பு'ன்னு எழுதித் தப்பிச்சுக்கிட்டிருக்கறான். அதனால ஜல்லி லாரிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே போறதை மொதல்ல வுடு. அதுக்கு எந்த ரேடாரும் வேண்டாம்.

நாளைக்குக் காலையில சந்தனத்தைச் சொரண்டி, கம்பியக் கழட்டி, தேங்காயை எறக்கிப்போட்டு கம்பெனி சர்வீசு சென்டருக்குப் போ. வெளக்கு எரியறப்பவே போட்டோ எடுத்துக்க. கண்ணாடி வெளியில மாத்துனதை மறைக்காமச் சொல்லு, என்றகிட்ட மறைச்சாப்புல அங்க மறைச்சீன்னா அவன் ஒவ்வொரு சென்சாரா மாத்திப் பாத்துப் பில்லு போடுவான். இனிமேலு கண்ணாடி ஒடைஞ்சா, இன்சூரன்சு எஸ்டிமேட்டுலயே காலிபரேசன் கூலியையும் சேக்கச் சொல்லிக் கேளு. வெளக்கைக் காசுக்கு அணைச்சுத் தர்றேங்கறவன் பக்கமே போகாத. அளவு வச்சு முடிச்சா கருவியிலருந்து ஒரு ரிப்போர்ட்டு வரும். முன்னால என்ன இருந்துச்சு, இப்ப என்ன இருக்குது, சரியாயிருச்சா இல்லியான்னு அதுல இருக்கும். அந்தக் காயிதம் கையில வராம பில்லுக்குப் பணம் கட்டாத.